காற்று நின்ற நேரத்தில் ஏறிய கொடி

மொட்டை மாடியில் நின்று என் கிரேனைத் தேடிக்கொண்டே இருந்த லோகுவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை. மறந்துவிட்டேன் என்று இல்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாது இல்லையா, அப்படி இருந்தேன். இன்றைக்கும் நானாக எழுத உட்காரவில்லை. அந்தோணி உட்கார வைத்தான்.

அந்தோணியை ஞாபகம் இருக்கிறதா? கிரேன் டிரைவர். நம் கல்யாணத்துக்கு வந்து இரண்டு பந்தியிலும் சாப்பிட்டவன். இப்போது எங்கள் துறைமுக ஒர்க்ஷாப் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டான். ஆண்டு மலர் போடுகிறார்களாம். போன வாரம் நான் மோட்டாரைக் கழற்றி வைத்துக் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான்.

"கஜா, நீதான் டிப்ளமா படிச்சவன். பொழுதுபோக்கால வர்ற நன்மைன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு நைனா. அச்சுக்குப் போவுது."

"என்னை ஏன்பா கேக்குற? கேரம் ஆடுறவங்கள கேளு."

"அவனுங்க எழுதுனா, கேரம் ஆடுனா கேரம் நல்லா வரும்னு எழுதுவானுங்க. உன் சம்சாரம் கொடி தைச்சிகினு இருந்துச்சே, அத்தப் பத்தி எழுதேன். ராயபுரத்துல வேற யாருக்குபா இருந்துச்சு அந்த மாரி ஒரு ஷோக்கு?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்து 'நன்மை ஒன்று' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நான்கு நாள் அந்தத் தாள் அப்படியே கிடந்தது. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் உனக்கே எழுதுகிறேன். மன்றம் இதை அச்சில் போட்டால் போடட்டும். ஆனால் போடுவதற்கு முன்னால் கீழ் வீட்டு சபுரா அக்காவிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் காசிம் பாய் வேலை செய்யும் கயிற்றுக் கடையும் மலருக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. ஒரு பிரதி அங்கே போகும். அச்செழுத்தில் பார்த்து அவர்களுக்குத் தெரியக் கூடாது.

அக்காவிடம் போவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தைரியம் வருகிறதா என்று பார்க்கலாம்.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களும் படிப்பார்கள் அல்லவா.

வாலாஜாபேட்டையிலிருந்து வந்த புதிதில் உனக்குக் கடலே பிடிக்கவில்லை. "என்னங்க, இது ராவும் பகலும் கத்திக்கிட்டே இருக்குது" என்று அழுதாய். நான் காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். இரண்டு பேர் வீட்டில் என்ன வேலை இருக்கும்? ஒன்பது மணிக்கே எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். சரியாகச் சாப்பிடவும் மாட்டாய். இவளை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வருமோ என்றுகூட நினைத்தேன். அதை உன்னிடம் சொன்னதில்லை.

ஒருநாள் நீயாகவே கேட்டாய். "கப்பல்ல ஏங்க கலர் கலரா துணி காயப் போடறாங்க?" எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது துணி இல்லை, கொடி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று சொன்னேன். என்ன அர்த்தம் என்றாய். எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டில் தேடி, யுத்தத்தில் மிச்சமான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். அட்டை இல்லை. உள்ளே கொடிகளின் படம் மட்டும் வண்ணத்தில் இருந்தது. அங்கேயே ஒரு பைனாகுலரும் கிடைத்தது, ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. உடைந்த பக்கத்தை மூடிக்கொண்டு பார்த்தால் ஒரு மைல் தூரம் தெரிந்தது.

நீ தைக்க ஆரம்பித்தாய். பழைய ரவிக்கை, கிழிந்த வேட்டி, என் காக்கி டிரவுசர், எதையும் விடவில்லை. துணி போதாமல் போனபோதுதான் சபுரா அக்காவிடம் துண்டுத் துணி கேட்டு முதன்முதலாகக் கீழே போனாய். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஏழு மாதம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா ஒரு மூட்டைத் துணியோடு மேலே வந்தாள். காசிம் பாய் கடையில் மிஞ்சிய கயிறும் வந்தது. மூங்கில் நட்டோம்.

அதற்குப் பிறகு நீ சாப்பிட்டாய். கடல் கத்துகிறது என்று சொல்வதை விட்டாய். அதே வாயால் "இன்னைக்கு அலை கம்மி, கப்பல் சீக்கிரம் உள்ள வரும்" என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தாய்.

முதலில் எச்சரிக்கைக்கு என்று சிவப்புக் கொடிதான் ஏற்றினோம். செங்கொடி என்றாலே போலீசுக்குத் தூக்கம் போகும் காலம். மறுநாளே ஒரு கான்ஸ்டபிள் மாடிப்படி ஏறி வந்து, "இன்னாம்மா, கட்சியா?" என்று கேட்டார். நீ பயந்துபோய், "இல்லீங்கய்யா, சாம்பார் ஆயிடுச்சுன்னு அர்த்தம்" என்றாய். அவர் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. சிவப்பை எடுத்துவிட்டோம்.

கடைசியில் மூன்று கொடிதான் தினமும் புழக்கத்தில் இருந்தது. நீலமும் வெள்ளையும் என்றால் எல்லாம் சௌக்கியம். முழு நீலம் என்றால் நீ கோபமாக இருக்கிறாய். என் முகத்துக்கு நேரே ஒரு நாளும் கோபிக்கத் தெரியாதவள், மூங்கில் உச்சியில் கோபத்தை ஏற்றிக் காட்டுவாய். நான் வரும் வழியில் பக்கோடா வாங்கிக்கொண்டு வருவேன். மூன்றாவது, நான்கு கட்டமாக மஞ்சளும் கறுப்பும். புத்தகத்தில் அதற்கு 'நில், உன்னிடம் சொல்ல முக்கியமான சேதி இருக்கிறது' என்று போட்டிருந்தது. நமக்கு அது 'உடனே வா'.

காலை பதினொன்றரைக்கும் மாலை நான்கு மணிக்கும் நான் கிரேன் உச்சிக்கு ஏறிப் பார்ப்பேன். அதுதான் ஏற்பாடு. இன்னொரு விதியும் சொல்லிக் கொடுத்தேன். காலையில் அடிக்கும் நிலக்காற்று நின்று கடல்காற்று வரும் வரைக்கும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ காற்றே இருக்காது. அந்த நேரத்தில் ஏற்றினால் கொடி கந்தல் மாதிரி தொங்கும். "காத்து இல்லன்னா கொடி பேசாது, லோகு" என்றேன். வாத்தியார் மாதிரி விரலை ஆட்டிக்கொண்டு சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய்.

ஒரே ஒரு தரம்தான் மஞ்சள் கறுப்பை ஏற்றினாய், நீ போன நாளுக்கு முந்தின வாரம். பார்த்ததும் உயிரே போய்விட்டது எனக்கு. ஏணியில் பாதி இறங்கி மீதியைக் குதித்தேன். ஒர்க்ஷாப்பைக் கடந்து, கேட்டைத் தாண்டி, ரயில் லைனைத் தாண்டி ஓடினேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், நீ கடலைக் காட்டினாய். மூன்று பாய்மரத்திலும் பாயை முழுக்க விரித்த ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது.

"இதுக்கா?"

"பாருங்க, எவ்வளோ அழகா வருது!"

"அது வர்ற எடத்துலதான்டீ நான் வேலை செய்யறேன்! அங்கேர்ந்து என்ன இங்க ஓட வச்சியே!"

"அங்கேர்ந்து பாத்தா மரம்தான் தெரியும். இங்கேர்ந்து பாத்தாதான் கப்பல் முழுசா தெரியும்."

நான் கத்தினேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்றேன். வேலையைவிட்டு ஓடிவந்தேன் என்று சீட்டுக் கிழித்துவிடுவார்கள் என்றேன். திரும்பிப் போனால் ஒர்க்ஷாப் முழுக்க அதே பேச்சு. "கஜா, வூட்டுக்காரம்மா கொடி காட்டிச்சா? ரயிலு கெளம்பிச்சா?" என்று ஒருத்தன் வாயால் விசில் ஊதினான். ஒரு வாரம் ஊதினான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே உனக்கு வயிற்றில் வலி. மூன்று மாதம் தள்ளிப்போயிருந்ததால் அதுவாக இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். நான் வேலைக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு வலி பொறுக்க முடியாமல் மாடியில் சுருண்டு விழுந்தாய். சபுரா அக்கா துணி காயப் போட வந்தவள் பார்த்தாள். அந்த மஞ்சள் கறுப்பு கொடியை ஏற்று, அவர் வந்துவிடுவார் என்று நீ சொல்ல, அவள் ஏற்றினாள். பக்கத்து வீடுகளில் ஆம்பளைகள் யாரும் இல்லை. உன்னை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. இரண்டு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் வந்தது இரண்டரைக்கு. அன்றைக்குப் பிந்தி வந்த கடல்காற்றில் கொடி விரிந்திருந்ததை, கீழே இருந்து தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது பார்த்து ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள்ளே ரத்தம் போயிருக்கிறது என்றார்கள். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான், லோகு?

மூன்றாம் நாள் சபுரா அக்கா மாடிப்படியில் நின்று என்னைக் கேட்டாள். "தம்பி, நான் தப்பா கட்டிட்டனா? அதனாலதான் உனக்குத் தெரிலயா?"

நான் பதில் சொல்லவில்லை.

அவ்வளவுதான் நான் செய்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றையிலிருந்து மாடிக்கு வருவதில்லை, என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. காசிம் பாய்க்கு ஒரு கணக்கு இருந்தது. மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருப்பாள், கொடி மூட்டை மாதிரி தொங்கியிருக்கும், காற்று அடித்ததும் ஒரு முனை அவிழ்ந்து விரிந்திருக்கும் என்று. தரை வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். சோற்றில் உப்புக் குறைந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். "கயித்துக் கடக்காரன் பொண்டாட்டி, ஒரு முடிச்சு போடத் துப்பு கீதா உனக்கு? ஒரு உசுரே பூட்ச்சு."  அக்கா பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

நான் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க, அப்படியும் இருக்கலாமே என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். படித்தவன். காற்று, பாரம், முடிச்சு எல்லாவற்றையும் வைத்துப் படமே போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்கு வசதியாக இருந்தது.

கொடிகளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். அந்த நாளில் கத்தியால் அறுத்து இறக்கிய மஞ்சள் கறுப்பையும் பார்க்காமல் அடியில் திணித்தேன். மூங்கிலில் இப்போது கயிறே இல்லை. ஆனால் மத்தியானம் கடல்காற்று வந்ததும், கயிறு மூங்கிலில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. டக், டக் என்று. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்கு இன்னமும் கிரேன் உச்சிக்கு ஏறிப் பார்க்கிறேன். சில நாள் மூங்கிலில் ஏதோ தொங்குகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் போய்விடுகிறது. அது போகிறதா, நான் துடைத்துவிடுகிறேனா?

ஐப்பசி மழையில் ஒருநாள் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டதா என்று திறந்தேன். மேலாக நீ பாதி தைத்த கொடி இருந்தது. வெள்ளையில் சிவப்புச் சிலுவைக் குறி. ஊசி அதிலேயே நின்றிருந்தது. துருப்பிடித்து, துணியில் ஒரு பழுப்புப் புள்ளி. ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூடத்தான் நினைத்தேன். ஆனால் விட்ட இடத்திலிருந்து நான்கு தையல் போட்டேன். கோணல். பிரித்தேன். மறுபடியும் போட்டேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கை, அதனால் ஒரே அளவு எடுக்க வந்துவிட்டது. தலையைத் தூக்கினால் மழை எப்போதோ நின்றிருந்தது. ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நீ சாகவில்லை. மற்ற எல்லா மணி நேரத்திலும் நீ செத்துக்கொண்டே இருந்தாய்.

அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் தைத்தேன். அந்தோணி கேட்ட நன்மை இதுதானா என்று தெரியவில்லை. மனசு லேசாகும் என்று எழுதினால் பொய். லேசாகவில்லை. பசி எடுத்தது, அது நிஜம். ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று எனக்கே கோபம் வந்தது, ருசி தெரிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. வேலையில் கை தவறுவது நின்றது. அதற்கு முன் இரண்டு தரம் மெயின் சுவிட்சை இறக்காமலே உள்ளே கையை விடப் போயிருக்கிறேன், அந்தோணிதான் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு ஷோக்கு மனுஷனைக் காப்பாற்றும் என்று இந்த அளவுக்கு நான் எழுதித் தரலாம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவனை, அவன் எதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தானோ அது நிதானமாக நடந்து வந்து பிடித்துவிடும். ஓடுகிறவனை அதால் பிடிக்க முடியாது. உட்கார்ந்தவனைப் பிடிக்கும்.

நாலைந்து கொடி தைத்த பிறகு என் தையல் உன் தையல் மாதிரியே விழ ஆரம்பித்தது. எது நீ விட்ட இடம், எது நான் தொட்ட இடம் என்று எனக்கே தெரியவில்லை. பயந்துவிட்டேன். ஒரு மடிப்புக்குள் உன் தலைமுடி ஒன்று சேர்ந்து தைபட்டிருந்தது. அறுக்காமல் அதன்மேலேயே தைத்தேன். சரிதானே?

போன மாதம் பெட்டியின் அடிக்கு வந்துவிட்டேன். மஞ்சள் கறுப்பு. ஓரம் பிரிந்திருந்தது, தைக்க வேண்டும். மடியில் விரித்தேன். அறுத்த கயிற்றுத் துண்டுகள் அதிலேயே இருந்தன. இரண்டு துண்டு, இரண்டு முடிச்சு. மேல் முனையில் ஒன்று, கீழ் முனையில் ஒன்று. கயிற்றின் நுனியைக் கொடி ஓரத்தில் தைத்த காதுக்குள் விட்டு, பின்னால் சுற்றி, தன் கழுத்துக்குள்ளேயே சொருகிய முடிச்சு. நீ அக்காவுக்கு மாடியில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு. ஒரு இம்மி தளரவில்லை. காசிம் பாயின் கணக்கும் நான் போட்ட படமும் அங்கேயே முடிந்துபோயின. கொடி முதலிலிருந்தே சரியாகத்தான் தொங்கியது. காற்று மட்டும் இல்லை.

சரி, இப்போது சொல்கிறேன். பழியைக் காற்றின் மேலும் போட முடியாது, லோகு. அன்றைக்குப் பதினொன்றரைக்கு நான் கிரேன் உச்சியில்தான் இருந்தேன். பைனாகுலரில் பார்த்தேன். மூங்கிலில் ஒரு துணி தொங்கியது. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. தெரிந்தது. அக்காவின் புடவை ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூங்கில் உச்சியில் யாராவது புடவை காயப் போடுவார்களா? கீழே அந்த விசில்காரன் நின்றிருந்தான். மறுபடியும் ஒரு கப்பலைக் காட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். காற்று வரட்டும், பார்த்துக்கொள்ளலாம், விதி அதுதானே என்று இறங்கிவிட்டேன்.

எழுதிவிட்டேன். கீழே போகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன். மணி பன்னிரண்டு. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இன்னா தம்பி, எதுனா வேணுமா?"

கொடியைப் பக்கத்தில் வைத்தேன். சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். "இத்த ஏன் எட்த்தாந்த? எட்த்துகினு போ. நான் தொட மாட்டேன்."

"நீங்க போட்ட முடிச்சு அக்கா. பாருங்க. ரெண்டும் சரியா கீது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை.

"நான் பாத்தேன் அக்கா. பதினொன்னரைக்கே பாத்தேன். மஞ்சள் தெரிஞ்சுது. வரல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு இன்னா பண்ண?"

"கீழ எறங்கி சாப்ட்டேன்."

முறம் கவிழ்ந்து அரிசி தரையெல்லாம் சிதறியது. "பத்து மாசம்டா! தொழ குந்துனா இந்தக் கையி ரெண்டும் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. இந்தக் கையாலதான் அந்தப் பொண்ணு பூட்ச்சுன்னு அல்லாகிட்ட அழுதுகினு கெடந்தேன். அந்த மனுஷன் ஒரு வேள சோறு என்ன நிம்மதியா துன்ன உட்டாரா? நீ மேல குந்திகினு கேட்டுகினுதானே இருந்த? கேட்டுகினுதானேடா இருந்த?"

"ஆமா அக்கா."

"போ. மேல போ. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

எழுந்து படிவரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டாள்.

"நில்லு. கடசில அது இன்னா சொல்லிச்சுன்னு ஒரு நாளாச்சும் வந்து என்ன கேட்டியா நீ?"

"பயமா இருந்துச்சு அக்கா."

"என் மடியிலதான் தல வச்சிகினு இருந்துச்சு. 'யாருனா போறவன கூப்ட்டு ஆளு அனுப்பட்டா'ன்னு மூணு வாட்டி கேட்டேன். 'வேணாங்கா, காத்து வந்துடும்'னு சொல்லிச்சு. 'காத்து இல்லாம அவரால படிக்க முடியாது. பாவம், மேல நின்னு ஒத்தக் கண்ண இடுக்கிகினு பாத்துகினு இருப்பாரு'ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு சிரிச்சிச்சுடா."

 சிதறிய அரிசியைக் குவிக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து குவித்தேன். தடுக்கவில்லை. குவித்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"சாயந்தரம் அவரு வருவாரு. என்கிட்ட சொன்ன மாரியே அவருகிட்டயும் சொல்லு. துன்னது வரைக்கும் சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன்."

லோகு, நான் சொல்லிக் கொடுத்த விதியை நம்பி அங்கே படுத்திருந்திருக்கிறாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்து எனக்காகப் பாவப்பட்டிருக்கிறாய். பார்த்தேன் என்று தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்திருப்பாயா? தெரியாமல் கொடுத்த மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ளலாமா? யாரிடம் போய்க் கேட்பது இதை? நீ இருந்தால் முழு நீலத்தை ஏற்றியிருப்பாய். ஒரு வாரம் இறக்கியிருக்க மாட்டாய். அந்தக் கோபத்தைப் பார்க்காமல் போய்விட்டோமே என்றுதான் இருக்கிறது எனக்கு.

அக்கா என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இன்றைக்குத்தான் பத்து மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துத் திட்டினாள். அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

இதை நாளைக்கு அந்தோணியிடம் கொடுக்கிறேன். இரண்டு பக்கம் கேட்டான், நீண்டுவிட்டது. வெட்டட்டும். முடிச்சு பற்றிய இடத்தை மட்டும் வெட்டக் கூடாது என்று சொல்வேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சாயந்தரம் காசிம் பாய் வந்து கால் கழுவியதும் கீழே போவேன். இரண்டு கயிற்றுத் துண்டையும் அவர் கையில் வைப்பேன். இருபது வருஷம் கயிறு விற்றவர், ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். முடிச்சு பாதியைச் சொல்லும். மீதியை அக்காவை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் சொல்வேன். பதினொன்றரை, மஞ்சள், சாப்பாடு, ஒன்றையும் விட மாட்டேன்.

உன்னைத் தாலி கட்டிக் கூட்டி வந்தவன்,
உன் புருஷன் கஜேந்திரன்
ராயபுரம்